நூறு ரூபாய் அனுப்பினால் எழுபது காசு: நானோ தங்கமும் புற்றுநோயும்

வாட்ஸப்பில் மாதம் இரண்டு தடவையாவது அந்தச் செய்தி வந்துவிடுகிறது. "புற்றுநோயை அழிக்கும் தங்கத் துகள்! விஞ்ஞானிகள் அபார சாதனை!" எந்த விஞ்ஞானி, எந்த ஊர், எலிக்கா மனுஷனுக்கா என்று ஒரு விவரமும் இருக்காது. பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லும் வேண்டுகோள் மட்டும் தவறாமல் இருக்கும். எங்கள் குடும்பக் குழுவில் இது வந்தால் உடனே ஒரு பெரியப்பா, "இதெல்லாம் நம்ம சித்தர்கள் அன்னைக்கே பண்ணியாச்சு, தங்க பஸ்பம்னா சும்மாவா?" என்பார். இன்னொரு மாமா, எம்.ஜி.ஆர். நிறத்துக்குக் காரணமே தங்க பஸ்பம்தான் என்ற பழைய கதையை எடுத்து விடுவார். அதோடு பேச்சு சினிமாவுக்குப் போய்விடும்.

இதைப் பற்றி ஒரு பதிவு போடணும் என்று ரொம்ப நாளாக யோசனை. "படிச்சது பி.காம்., பார்க்கிறது பேங்க் உத்தியோகம், உனக்கெதுக்கு நானோ?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் டாலிகஞ்சில் குடியிருக்கும் தமிழன் இந்த விஷயத்திலிருந்து தப்பிக்க முடியாது. இரண்டு காரணம்.

முதல் காரணம் வேலூர். நீங்கள் தமிழர் என்று தெரிந்ததும் கொல்கத்தாக்காரர்கள் கேட்பது இட்லி, தோசை பற்றி அல்ல. "வேலூர் உங்க ஊர்லேர்ந்து எவ்வளவு தூரம்?" என்பதுதான். ஹவுராவில் ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்த்துவிட்டு வரும் வங்காளக் குடும்பங்கள் ஏராளம். வேலூர் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் மெஸ், மருந்துக்கடை போர்டுகளையே வங்காளத்தில் எழுதி வைத்திருப்பதைப் பார்க்கலாம். அப்படிக் கிளம்புகிறவர்கள் முதலில் வந்து நிற்பது எங்கள் கவுண்டரில், பிக்சட் டெபாசிட்டை உடைக்க. அந்த ரசீதுகளில் கையெழுத்துப் போடும் ஆள் நான்.

இரண்டாவது காரணம் ஜாதவ்பூர். டாலிகஞ்சிலிருந்து அன்வர் ஷா ரோடு வழியாக ஆட்டோ பிடித்தால் வந்துவிடும் இடம். அங்கேதான் 1876ல் மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகம் இப்போது இருக்கிறது. அது பௌபஜார் தெருவில் இருந்த காலத்தில், 1907ல் அரசாங்கக் கணக்குத் துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்த ஒரு திருச்சிக்காரர், ஆபீசுக்கு முன்னும் பின்னும் அங்கே போய் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பத்து வருஷம் கழித்து உத்தியோகத்தை விட்டார். 1928ல் ராமன் விளைவு, 1930ல் நோபல் பரிசு. கணக்கு எழுதுகிறவன் இயற்பியல் பேசுவதற்கு இந்த ஊரில் முன்னுதாரணம் உண்டு என்பதற்காகச் சொன்னேன், வேறொன்றுமில்லை :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நானோமீட்டர் என்றால் ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உலோகத்தை அந்த அளவுக்குப் பொடியாக்கினால் குணமே மாறிவிடுகிறது. தங்கம் மஞ்சளாக இருக்காது, தண்ணீரில் மாணிக்கச் சிவப்பாகத் தெரியும். 1857லேயே மைக்கேல் ஃபாரடே இதை லண்டனில் காட்டியிருக்கிறார்.

புற்றுநோய்க்கு இது எதற்கு? மூன்று உபயோகம் சொல்கிறார்கள். ஒன்று, தங்கத் துகள் ஒளியை வாங்கிச் சூடாகும். கட்டிக்குள் துகளை வைத்து, வெளியிலிருந்து அகச்சிவப்பு லேசர் அடித்தால் கட்டி உள்ளேயே வெந்துபோகும். இரண்டு, கன உலோகங்கள் எக்ஸ்ரே கதிரைப் பிடித்து, பக்கத்திலேயே எலக்ட்ரான்களைச் சிதறவிடும். அதே அளவு கதிர்வீச்சில் கட்டிக்கு மட்டும் அடி பலமாக விழும். மூன்று, இரும்பு ஆக்சைடு துகளைக் காந்தப் புலத்தை மாற்றி மாற்றிச் சூடேற்றலாம்.

புற்றுநோய்க்கு உலோகம் என்பதே புதுசு இல்லை. ஆஸ்பத்திரிகளில் இன்றும் ஏற்றுகிற சிஸ்பிளாட்டின் பிளாட்டினம் சேர்ந்த மருந்துதான். 1978ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கட்டியையும் அடிக்கும், கவனிக்காவிட்டால் சிறுநீரகத்தையும் அடிக்கும். அந்தப் பக்கவிளைவு இல்லாமல் குறி பார்த்து அடிக்கலாமே என்பதுதான் நானோவின் கவர்ச்சி.

எலிகளிடம் இது பிரமாதமாக வேலை செய்தது. 2004ல் ஹெயின்ஃபெல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, கட்டி உள்ள எலிகளுக்கு 1.9 நானோமீட்டர் தங்கத் துகளை ஊசியில் ஏற்றி எக்ஸ்ரே கொடுத்தது. ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவை 86 சதவீதம். வெறும் எக்ஸ்ரே மட்டும் கொடுத்தவற்றில் 20 சதவீதம். வாட்ஸப் செய்திகளின் மூலவர் இந்த மாதிரி ஆராய்ச்சிகள்தான். பொய் இல்லை. ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் தங்கத் துகள் ஏற்றிக் கதிர்வீச்சு கொடுப்பது ஆஸ்பத்திரியில் வழக்கமான வைத்தியமாக வரவில்லை. ஏன்?

இங்கேதான் என் தொழில் மூளை விழித்துக்கொண்டது.

கனடாவில் டொராண்டோவில் வாரன் சான் என்பவரின் குழு, அதற்கு முந்தைய பத்து வருஷ ஆய்வுகளையெல்லாம் கூட்டிக் கழித்து 2016ல் ஒரு கணக்கு வெளியிட்டது. ரத்தத்தில் ஏற்றிய நானோ துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு? இடைநிலை மதிப்பு 0.7 சதவீதம். குறி பார்த்துப் போகும்படி விலாசம் ஒட்டி அனுப்பியவை 0.9, ஒட்டாதவை 0.6.

நூறு ரூபாய் அனுப்பினால் எழுபது காசு போய்ச் சேருகிறது. அரசு செலவழிக்கும் ஒரு ரூபாயில் பதினைந்து காசுதான் ஏழைக்குப் போகிறது என்று 1985ல் ராஜீவ் காந்தி சொன்னதை நாற்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இது அதையும் தூக்கிச் சாப்பிடுகிறது.

மீதி 99 ரூபாய் 30 காசு எங்கே? பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும். ஊசி போட்ட கொஞ்ச நேரத்திலேயே ரத்தத்தில் உள்ள புரதங்கள் துகள் மேல் அப்பிக்கொள்ளும். நாம் ஒட்டி அனுப்பிய விலாசம் அதற்கு அடியில் மறைந்துபோகும். கல்லீரலில் இருக்கும் காவல் செல்கள், "யார் நீ, கே.ஒய்.சி. எங்கே?" என்று பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். உடம்பைக் குறை சொல்ல முடியாது. அதன் வேலையே அதுதான்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சாதாரண கீமோ மருந்திலும் கொஞ்சம்தான் கட்டிக்குப் போகிறது. ஆகவே 0.7 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நானோவே பித்தலாட்டம் என்று சொல்வது தப்பு. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. மற்ற மருந்துகளில் பெரும்பாலானவற்றை உடம்பு உடைத்து வெளியே தள்ளிவிடும். தங்கத்தை எப்படி உடைக்கும்? பாட்டி காலத்து ஒட்டியாணம் இன்றும் அப்படியே இருப்பதால்தானே நாம் தங்கத்தில் பணம் போடுகிறோம்! லாக்கரில் எது பெருமையோ அதுவே கல்லீரலில் தொல்லை. வாராக் கடன் மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே என் கட்சி இது: பாதுகாப்பு வேறு, பலன் வேறு என்று இரண்டு புத்தகத்தில் எழுதக் கூடாது. இரண்டும் ஒரே கணக்கு. கட்டிக்குப் போகாத துகள்தான் கல்லீரலில் தங்குகிறது. தவறான இடத்துக்குப் போவதைக் குறைத்தால் பலனும் கூடும், ஆபத்தும் குறையும்.

மேல்பூச்சு விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லேசருக்கு உருண்டையான தங்கத்தைவிடக் குச்சி வடிவத் தங்கம் வசதி. அகச்சிவப்பு ஒளியை நன்றாக வாங்கும். அந்தக் குச்சிகளை விதை போட்டு வளர்ப்பது போலக் கரைசலில் வளர்க்கும் முறையை 2001ல் அமெரிக்காவில் கேத்தரின் மர்ஃபியோடு சேர்ந்து வெளியிட்டவர் நிகில் ரஞ்சன் ஜனா. அவர் பிறகு வந்து சேர்ந்தது இதே ஜாதவ்பூர் கழகத்தில்தான். சின்ன தங்க விதை, கொஞ்சம் வைட்டமின் சி, கூடவே சிடாப் என்று சுருக்கமாகச் சொல்லும் சோப்பு மாதிரியான ரசாயனம். அந்த சிடாப் இருந்தால்தான் துகள் குச்சியாக வளரும்.

தலைவலியும் அதுதான். காயம் கழுவும் திரவங்களில் இருக்கும் செட்ரிமைடு இதன் ஒட்டு உறவு. கிருமியின் மேல்தோலைக் கிழிக்கும். நம் செல்லையும் கிழிக்கும். 2009ல் மர்ஃபியின் குழுவே உட்கார்ந்து ஆராய்ந்து, செல்களைக் கொன்றது தங்கக் குச்சி அல்ல, கரைசலில் மிச்சமிருந்த சிடாப்தான் என்று காட்டியது. தான் கண்டுபிடித்த முறையைத் தானே தணிக்கை செய்வது! இந்த மாதிரி வேலைக்கு யாரும் தலைப்புச் செய்தி போட மாட்டார்கள். ஜனாவின் ஆய்வகமும் நானோ துகள்களுக்கு உடம்பு ஏற்றுக்கொள்ளும் மேல்பூச்சு போடும் ரசாயனத்தில் வருஷக்கணக்காக வேலை செய்துவருகிறது. பத்துப் பேருக்கு அனுப்பத் தகுந்த செய்தி என்னைக் கேட்டால் இதுதான்.

மேல்பூச்சு தவிர இன்னும் மூன்று வழிகளில் முயற்சி நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வரவு செலவு உண்டு.

முதல் வழி, ரத்தத்தில் விடாமல் நேராகக் கட்டியிலேயே ஊசி போடுவது. பிரான்சில் நானோபயோடிக்ஸ் என்ற கம்பெனி ஹாஃப்னியம் ஆக்சைடு துகளைக் கட்டிக்குள் ஏற்றிப் பிறகு கதிர்வீச்சு கொடுத்தது. தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் சார்கோமாவுக்கு 2019ல் ஐரோப்பாவில் அனுமதி. நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையில், கட்டி ஏறக்குறைய முழுசாக அழிந்தவர்கள் 16 சதவீதம், வெறும் கதிர்வீச்சு பெற்றவர்களில் 8 சதவீதம். பத்திரிகை இதை "பலன் இரட்டிப்பு" என்று எழுதும். நான் அதே எண்ணை, நூற்றுக்கு எட்டுப் பேருக்குக் கூடுதல் லாபம், எண்பத்து நான்கு பேருக்கு அந்த அளவுகோலில் பலன் இல்லை என்றும் வாசிப்பேன். சிலருக்கு ஊசி போட்ட இடத்தில் வலி, ரத்த அழுத்தம் இறங்குவது போன்ற தொல்லைகளும் வந்தன. ஆனாலும் இது எலி இல்லை, மனிதர்கள். அந்த எட்டுப் பேர் நம் வீட்டு மனிதராக இருந்தால் எட்டு சின்ன எண் இல்லை. வாய், தொண்டைப் புற்றுநோய்க்கும் இதைச் சோதிக்கிறார்கள். புகையிலையும் குட்காவும் மென்று வாயைக் கெடுத்துக்கொள்ளும் நம் நாடு கவனிக்க வேண்டிய விஷயம்.

இரண்டாவது வழி, சிறுநீரகம் வடிகட்டி அனுப்பிவிடும் அளவுக்குத் துகளைச் சின்னதாக்குவது. சுமார் ஆறு நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் அது நடக்கும். பிரான்சிலேயே இன்னொரு குழு கடோலினியம் சேர்ந்த குட்டித் துகளை, மூளைக்குப் பரவிய புற்றுநோய் உள்ள 15 பேரிடம் முதல் கட்டமாகச் சோதித்தது. ஆனால் சின்னது எல்லாமே சாது என்று நினைக்கக் கூடாது. 2007ல் ஜெர்மானிய ஆய்வு ஒன்றில் 15 நானோமீட்டர் தங்கம் செல்களை ஒன்றும் செய்யவில்லை, 1.4 நானோமீட்டர் தங்கம் கொன்றது. அதே தங்கம்தான், அளவுதான் வேறு.

மூன்றாவது வழி, உடம்புக்குத் தெரிந்த உலோகத்தை எடுப்பது. இரும்பை உடம்பு பிரித்துத் தன் இருப்பில் சேர்த்துக்கொள்ளும். இரும்பு ஆக்சைடு நானோ மருந்து ஒன்று 2009லேயே அமெரிக்காவில் ரத்தசோகைக்கு வந்துவிட்டது. அதற்கும் 2015ல் கடுமையான ஒவ்வாமை எச்சரிக்கை சேர்த்தார்கள். மூளைக்கட்டிக்குள் இரும்பு ஆக்சைடை ஏற்றிக் காந்தப் புலத்தால் சூடாக்கும் ஜெர்மானிய முறைக்கு 2010ல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. ஆனால் நோயாளியின் பல்லில் உலோக அடைப்பு இருந்தால் பிடுங்க வேண்டும். பிறகு அந்த இடத்தை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பார்க்கவும் முடியாது, இரும்பு மறைத்துவிடும். அந்தக் கம்பெனி 2022ல் திவாலானது. விஞ்ஞானம் ஜெயித்தாலும் ஆஸ்பத்திரி நடைமுறை தோற்கடித்துவிடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நம்ம ராமன் இங்கேயும் வருகிறார். ராமன் விளைவின் ஒளிக்கையெழுத்தைத் தங்கத் துகள் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும். அதை வைத்துத் துகள் எங்கே போனது என்று தேடலாம். 2011ல் ஸ்டான்ஃபோர்டில் சஞ்சீவ் கம்பீரின் குழு இப்படிப்பட்ட துகள்களை எலிகளுக்கு இரண்டு வழியில் கொடுத்தது. ரத்தத்தில் ஏற்றியது கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கியது. ஆசனவாய் வழியாகக் கொடுத்தது குடலைத் தாண்டாமல் வெளியே போய்விட்டது. குடல் பரிசோதனைக்கு எந்த வழி நல்லது என்று சொல்ல வேண்டியதில்லை. துகளை மாற்றவில்லை, வாசலைத்தான் மாற்றினார்கள்.

அப்போது தங்க பஸ்பம்? பெரியப்பா கோஷ்டிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆயுர்வேத ஸ்வர்ண பஸ்மத்தை நவீனக் கருவியில் வைத்துப் பார்த்தவர்கள், அதில் சுமார் 56, 57 நானோமீட்டர் தங்கத் துகள்கள் இருப்பதாக 2007ல் எழுதியிருக்கிறார்கள். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் துகள் நானோ அளவில் இருப்பது வேறு, அது புற்றுநோயைக் குணப்படுத்துவது வேறு. முதலாவதற்கு ஆதாரம் இருக்கிறது, இரண்டாவதற்கு மனிதர்களிடம் முறையாகச் சோதித்த ஆதாரம் வேண்டும். சித்தர்களை மதிக்கிறவர்கள்தான் அந்தச் சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும்.

இதையெல்லாம் நான் ஏன் தேடித் தேடிப் படித்தேன் என்றால், எங்கள் கிளைக்கு வந்த ஒரு பெரியவரால். ரிட்டயர்டு ஆசிரியர். மனைவிக்குப் புற்றுநோய். ஒருநாள் டெபாசிட் ரசீது மொத்தத்தையும் மேஜையில் வைத்தார். "மேனேஜர் பாபு, எல்லாத்தையும் உடைச்சிடுங்க." ஆஸ்பத்திரிக்கா மேசோமஷாய் என்று கேட்டால், இல்லையாம். யாரோ ஒருவர் "நானோ கோல்டு" சொட்டு மருந்து தருகிறாராம். மூன்று மாத கோர்ஸ். கதிர்வீச்சே வேண்டாம் என்றாராம். கையில் வழவழப்பான நோட்டீஸ்.

முன்கூட்டி உடைத்தால் வட்டியில் வெட்டு விழும் என்று சொல்வது என் கடமை, சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனாலும் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். இது மனிதர்களிடம் சோதித்ததா, எத்தனை பேரிடம்? கட்டிக்கு எவ்வளவு போகிறது? மீதி எங்கே தங்குகிறது, எப்போது வெளியேறும்? "பணம் இங்கேதான் இருக்கும் மேசோமஷாய், எங்கேயும் ஓடாது. இதை அவங்ககிட்டயும் கேளுங்க, வைத்தியம் பார்க்கிற டாக்டர்கிட்டயும் கேளுங்க."

நாலு நாள் கழித்து வந்தார். மருந்துக்காரர் "அது ரகசிய ஃபார்முலா" என்றாராம். டாக்டர் உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினாராம். ஒரே ஒரு ரசீதை மட்டும் உடைத்தார், கதிர்வீச்சுக்குப் போய்வரும் செலவுக்கு. மற்றதைப் பையில் வைத்துக்கொண்டு, "ஏமாந்தவனா நான், இல்ல ஆசைப்பட்டவனா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மனைவி பிழைக்க ஆசைப்படுவது குற்றமா?

அந்த ஆசையை வைத்து வியாபாரம் நடப்பதால்தான் ஆய்வுக்கூடங்களிடமும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நம் அரசு 2007ல் ஆயிரம் கோடி ரூபாயில் நானோ மிஷன் ஆரம்பித்தது. 2019ல் நானோ மருந்துகளை எப்படி மதிப்பிட வேண்டும் என்று வழிகாட்டு நெறிகளும் வந்துவிட்டன. நல்லது. ஆனால் பொதுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு ஆய்வும் பத்திரிகைக்குச் செய்தி கொடுக்கும்போது, அந்தத் துண்டுச் சீட்டில் உள்ள மூன்று கேள்விக்கும் மூன்று வரி பதில் சேர்க்க வேண்டும். எலி என்றால் எலி என்று முதல் வரியிலேயே போடுங்கள். துகள் எங்கே தங்குகிறது என்று மெனக்கெட்டுத் தேடும் ஆராய்ச்சி மாணவருக்கும், புதுத் துகள் செய்பவருக்குக் கிடைக்கும் அதே நிதியும் மரியாதையும் கிடைக்கட்டும். லாபத்தை மட்டும் காட்டி, இருப்புக் கணக்கைக் காட்டாத கம்பெனிக்கு எந்த பேங்க்கும் கடன் தராது. உயிர் விஷயத்தில் மட்டும் ஏன் தர வேண்டும்?

வாசிக்கிற உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தியாவில் மனிதர்களிடம் நடக்கும் மருந்துப் பரிசோதனைகளை 2009 முதல் அரசின் பதிவேட்டில் பதிய வேண்டும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அதில் பெயர் இல்லை, ஆனால் காசு கேட்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இருக்கிற வைத்தியத்தைப் பாதியில் நிறுத்தச் சொன்னால் இன்னும் வேகமாக எழுந்து வாருங்கள்.

நானோ தங்கம் ஒருநாள் வரும் என்றே நினைக்கிறேன். எழுபது காசை ஏழு ரூபாயாக்க உலகம் முழுக்க ஆட்கள் உழைக்கிறார்கள். அதுவரை கணக்கு கேட்பது நம் வேலை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. வைத்திய முடிவுகளை உங்கள் டாக்டரிடம் பேசி எடுங்கள். டெபாசிட் சந்தேகம் இருந்தால் மட்டும் என்னிடம் வரலாம் :-)